உயிரோடு நிற்கும் மாட்டில் எவ்வளவு கறி தேறும்?

ஆட்டுச் சந்தைக்குப் போனவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். வாங்க வந்தவர் ஆட்டின் முதுகில் கையை வைப்பார். இடுப்புக்குச் சற்று முன்னால், முதுகெலும்பின் இரு பக்கமும் விரலால் அழுத்திப் பார்ப்பார். தொடையை ஒரு பிடி பிடிப்பார். அப்புறம் "பன்னிரண்டு கிலோ தேறும்" என்பார். விற்பவர் "பதினாலுக்குக் குறையாது" என்பார். இருவருமே தோலுக்கு உள்ளே இருப்பதைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் யாரும் இன்னும் உள்ளே பார்க்கவில்லை.

'தேறும்' என்பது நல்ல சொல். தோல், தலை, குடல், சாணம் எல்லாம் போக மிஞ்சுவது எவ்வளவு என்ற கணக்கு முழுவதும் அதற்குள் அடங்கிவிடுகிறது. ஆட்டில் ஒரு கிலோ தப்பினால் ஒரு கிலோவுக்கான நஷ்டம். 600 கிலோ எருதில், அதுவும் ஆயிரக்கணக்கில் வைத்துத் தீவனம் போடும் இடத்தில், அதே தப்பு பெரிய தொகையாகிவிடும். அமெரிக்காவின் நெப்ராஸ்கா, கான்சஸ், டெக்சஸ் மாநிலங்களில் இறைச்சி மாடுகளின் கடைசி நாலைந்து மாதங்கள் இப்படிப்பட்ட தீவனத் தொழுவங்களில்தான் கழிகின்றன. ஒரு மாட்டைச் சீக்கிரம் அனுப்பினால் வளர வேண்டிய கறி வளராமல் போகும். தாமதித்தால் போடுகிற சோளமெல்லாம் கொழுப்பாகும். அந்தக் கொழுப்பைக் கூலி கொடுத்து வெட்டி எறிய வேண்டும். ஆகவே மாடு உயிரோடு இருக்கும்போதே உள்ளே கறி எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும்.

இந்தக் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. உயிர் எடை என்ன? அதில் உரித்த உடலாக நிற்பது எவ்வளவு? அந்த உரித்த உடலில் கறி, கொழுப்பு, எலும்பு என்ன விகிதம்? முதல் இரண்டும் அவ்வளவு கடினமில்லை.

எடை மேடை இல்லாத இடத்தில் டேப் போதும். முன்னங்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதையே அதனால் பெருக்கி, தோள்முனையிலிருந்து பின்முனை எலும்பு வரையுள்ள நீளத்தாலும் பெருக்கி, 300ஆல் வகுத்தால் எடை பவுண்டில் வரும். சுற்றளவு 60, நீளம் 50 என்றால் 600 பவுண்டு, அதாவது 272 கிலோ. நம்மூரில் மருந்தின் அளவைத் தீர்மானிக்கவும் இந்தக் கணக்கு பயன்படுகிறது.

உரித்த எடையைப் பற்றி ஒரு பழைய கதை உண்டு. இங்கிலாந்தின் பிளிமத்தில் நடந்த கால்நடைக் காட்சியில் கொழுத்த எருது ஒன்றை நிறுத்தி, அதை அறுத்து உரித்த பிறகு எடை எவ்வளவு இருக்கும் என்று ஆறு பென்னி சீட்டில் எழுதித்தரச் சொன்னார்கள். அந்தச் சீட்டுகளை வாங்கிப் பார்த்த பிரான்சிஸ் கால்டன் என்ற ஆங்கிலேய அறிவியலாளர் 1907இல் முடிவை வெளியிட்டார். கணக்கில் சேர்ந்த 787 சீட்டுகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வந்த எண் 1,207 பவுண்டு. உண்மையான எடை 1,198. கூட்டத்தின் அறிவுக்கு உதாரணமாகத்தான் இதை எல்லோரும் சொல்வார்கள். எனக்கு இதில் கவனிக்கத் தோன்றுவது வேறு: அந்தக் கூட்டத்திடம் கேட்டது மொத்த எடையை மட்டும். அந்த 1,198 பவுண்டில் கொழுப்பு எத்தனை என்று கேட்டிருந்தால் கண்ணால் பார்த்துச் சொல்வது அவ்வளவு எளிதாக இருந்திருக்காது.

ஏன் என்பதற்கு அமெரிக்கத் தரக் கணக்கையே பார்க்கலாம். அங்கே உரித்த உடலை 12ஆவது, 13ஆவது விலா எலும்புகளுக்கு நடுவே வெட்டித் திறப்பார்கள். முதுகெலும்பை ஒட்டி ஓடும் நீள முதுகுச்சதையின் குறுக்குவெட்டு முகம் அங்கே தெரியும். அந்தச் சதையின் பரப்பு, அதன் மேல் படிந்த கொழுப்பின் தடிமன், சிறுநீரகம், இடுப்புக் குழி, இதயம் ஆகியவற்றைச் சுற்றிய கொழுப்பின் சதவீதம், உரித்த சூட்டோடு எடுத்த எடை என நாலு எண்களை வைத்து 'யீல்டு கிரேடு' என்ற தர எண்ணைக் கணக்கிடுவார்கள். 2.50இல் தொடங்கி, கொழுப்புத் தடிமன் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.50 கூட்டு. உட்கொழுப்பின் ஒவ்வொரு சதவீதத்துக்கும் 0.20 கூட்டு. எடையின் ஒவ்வொரு பவுண்டுக்கும் 0.0038 கூட்டு. சதைப்பரப்பின் ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 0.32 கழி. 1 வந்தால் கறி அதிகம் தேறும் உடல், 5 வந்தால் கொழுப்பு மிகுந்த உடல்.

உரித்த எடை 880 பவுண்டு, அதாவது சுமார் 400 கிலோ உள்ள எருது ஒன்றை எடுத்துக்கொள்வோம். முதுகுக் கொழுப்பு 0.4 அங்குலம், சுமார் 10 மி.மீ. உட்கொழுப்பு 2.5 சதவீதம். சதைப்பரப்பு 13.5 சதுர அங்குலம். கணக்குப் போட்டால் 3.02 வரும். இப்போது அதே எடையில் பக்கத்தில் இன்னொரு எருது. மற்ற எல்லாம் ஒன்று, முதுகுக் கொழுப்பு மட்டும் 20 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். எண் 4.02 ஆகிவிடும். ஒரு விரல் அகலம்கூட இல்லாத வித்தியாசம் ஒரு முழுத் தரத்தை இறக்கிவிட்டது. அதை ஈடுகட்ட வேண்டுமென்றால் சதைப்பரப்பு 3.1 சதுர அங்குலம், ஏறக்குறைய 20 சதுர செ.மீ., கூடியிருக்க வேண்டும். அந்த 10 மி.மீ. தோலுக்கு அடியில் இருக்கிறது, தோலுக்கு மேல் மயிர் இருக்கிறது, மாடோ ஓரிடத்தில் நிற்காது. உயிருள்ள மாட்டை அளப்பவரின் பாடு இதுதான்.

இந்த அறிவுக்கு அடித்தளம் போட்டது கத்திதான். இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் லாஸ், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் பத்துப் பிராணிகளை அறுத்து, உடல் முழுவதையும் வேதியியல் முறையில் பகுத்து, 1859இல் வெளியிட்டார்கள். அதில் கொழுத்த கன்று ஒன்று, பாதி கொழுத்த எருது ஒன்று, நன்றாகக் கொழுத்த எருது ஒன்று இருந்தன. மற்றவை ஆடுகளும் பன்றிகளும். பாதி கொழுத்த எருதின் உயிர் எடையில் கொழுப்பு 19.1 சதவீதம், தண்ணீர் 51.5, புரதம் முதலிய நைட்ரஜன் பொருள்கள் 16.6, சாம்பல், அதாவது எரித்தபின் மிஞ்சும் தாதுக்கள், 4.66. மிச்சம் 8.19 சதவீதம் வயிற்றுக்குள் இருந்த தீனி. கொழுத்த எருதில் கொழுப்பு 30.1, தண்ணீர் 45.5, நைட்ரஜன் பொருள்கள் 14.5, சாம்பல் 3.92, வயிற்றில் இருந்தது 5.98.

இந்த எண்களைக் கொஞ்சம் கூட்டிக் கழித்துப் பாருங்கள். கொழுப்பையும் வயிற்றிலிருந்ததையும் நீக்கிவிட்டால் பாதி கொழுத்த எருதில் மிஞ்சுவது 72.8. அதில் தண்ணீரின் பங்கு 71 சதவீதம். கொழுத்த எருதில் மிஞ்சுவது 63.9. அதிலும் தண்ணீர் 71 சதவீதம். ஒரு மாடு மெலிந்திருந்தாலும் கொழுத்திருந்தாலும், கொழுப்பு நீங்கலான உடலில் தண்ணீரின் பங்கு அப்படியே நிற்கிறது. கன்றுக்கு இதே கணக்கைப் போட்டால் 77 வருகிறது. கன்று இன்னும் முதிரவில்லை, முதிர முதிர இந்தப் பங்கு இறங்கி ஒரு நிலையில் நின்றுவிடும். 1923இல் மௌல்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை 'வேதி முதிர்ச்சி' என்று விளக்கினார். ஆனால் விஷயம் அந்த 1859 அட்டவணையிலேயே படுத்துக் கிடக்கிறது. இதைப் போட்டுப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சிலிர்த்தது.

இதன் பலன் பெரியது. கொழுப்பை நேரில் அளக்க வேண்டாம். உடம்பில் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தால் போதும், கொழுப்பு நீங்கலான உடல் தெரிந்துவிடும். மொத்த எடையிலிருந்து அதைக் கழித்தால் கொழுப்பு. சரி, உயிருள்ள மாட்டின் தண்ணீரை எப்படி அளப்பது? அண்டாவில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தெரியாதபோது, ஒரு படி சர்க்கரையைக் கரைத்துவிட்டு ஒரு கரண்டி எடுத்து இனிப்பை அளந்தால் மொத்தத் தண்ணீரைக் கணக்கிட்டுவிடலாம் அல்லவா, அதே வழிதான். சர்க்கரைக்குப் பதில் கன நீரையோ (கனமான ஹைட்ரஜன் கொண்ட தண்ணீர்) யூரியாவையோ பயன்படுத்தினார்கள். யூரியா முறையில் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 130 மில்லிகிராம் வீதம் யூரியாக் கரைசலைக் கழுத்து நாளத்தில் செலுத்துவார்கள். செலுத்துவதற்கு முன் ஒரு முறை, 12 நிமிடம் கழித்து ஒரு முறை இரத்தம் எடுப்பார்கள். யூரியா எவ்வளவு நீர்த்துப்போனது என்பதிலிருந்து உடம்புத் தண்ணீர் தெரியும்.

ஆனால் மாடு என்பது அசைபோடும் பிராணி. அதன் முதல் இரைப்பையே ஒரு பெரிய தொட்டி. அதிலிருக்கும் தண்ணீர் உடம்பின் தண்ணீர் அல்ல. கன நீர் மணிக்கணக்கில் பரவும்போது அந்தத் தொட்டிக்குள்ளும் போய்விடும், கணக்கு வீங்கிவிடும். யூரியாவை 12 நிமிடத்திலேயே அளப்பதற்கு இதுதான் காரணம்: அதற்குள் அது இரைப்பைக்குள் அதிகம் நுழைந்திருக்காது. எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதும் மாட்டுக்கு மாடு மாறும். ஆகவே ஒரு கூட்டத்தின் சராசரிக்கு இந்த முறை சரிப்படும். இந்த ஒரு மாடு எப்படி என்று கேட்டால் தடுமாறும். பொட்டாசியத்தை எண்ணும் முறையும் இப்படித்தான். தசையில் பொட்டாசியம் அதிகம், கொழுப்பில் மிகக் குறைவு, இயற்கைப் பொட்டாசியத்தில் 0.012 சதவீதம் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. மாட்டை ஈயமோ இரும்போ சூழ்ந்த அறையில் நிறுத்தி அந்தக் கதிர்களை எண்ணினார்கள். அழகான யோசனை. ஆனால் மாடு தின்ற புல்லிலும் பொட்டாசியம் நிறைய இருக்கிறதே!

பண்ணைக்காரர்களுக்கு இரத்தம் எடுக்கவும் நேரமில்லை, ஈய அறையும் இல்லை. அவர்கள் நம்பியது கண்ணையும் கையையும். அதில் உண்மையான அறிவு இருக்கிறது. சதை இல்லாத இடத்தில் தடிப்பு தெரிந்தால் அது கொழுப்பு. மாரடி, விலாவுக்கும் தொடைக்கும் நடுவிலுள்ள மடிப்பு, வால் தொடங்கும் இடம், இந்த மூன்றையும் பார்த்தால் பாதி தெரிந்துவிடும். கறி மிகுந்த மாட்டின் முதுகு வளைவாக இருக்கும், பின்னாலிருந்து பார்த்தால் தொடைப்பகுதி இடுப்பைவிட அகன்று நிற்கும். கொழுத்த மாட்டின் முதுகு பலகை போலத் தட்டையாகி, ஓரங்கள் பெட்டி மாதிரி தெரியும். கையை வைத்து இடுப்பின் குறுக்கெலும்பு முனைகளை அழுத்தினால், எலும்பு தனித்தனியாகத் தட்டுப்படுகிறதா, அமுக்கித் தேட வேண்டியிருக்கிறதா என்பதிலிருந்து கொழுப்பு தெரியும். ஆஸ்திரேலியாவில் இதையே ஒன்று முதல் ஆறு வரை எண்ணாக்கி, ஒவ்வோர் எண்ணும் இத்தனை மி.மீ. என்று வகுத்து வைத்திருக்கிறார்கள். கறவை மாட்டுக்கு நம் கால்நடை மருத்துவர்கள் போடும் உடல்நிலை மதிப்பெண்ணும் இதே விரலின் வேலைதான்.

ஆனால் கண் ஏமாந்த வரலாறு ஒன்றும் உண்டு, அதைச் சொல்லாமல் விடக்கூடாது. 1940களிலும் 50களிலும் அமெரிக்கக் காட்சி அரங்குகளில் குட்டையான, அடக்கமான, கன செவ்வகம் போன்ற மாடுகளுக்குப் பரிசு மேல் பரிசு கொடுத்தார்கள். பார்ப்பதற்குத் திரண்டு உருண்டு இருந்தன. கறி என்று நினைத்துத் தேர்ந்தெடுத்தார்கள், கிடைத்தது பெரும்பாலும் கொழுப்பு. குட்டையைக் குட்டையோடு சேர்த்துச் சேர்த்து, ஹெர்ஃபோர்டு இனத்தில் குள்ளக் கன்றுகள் பிறக்கிற அளவுக்கு அது போனது. பல பண்ணைகள் பெயரிழந்தன. அப்புறம்தான் ஐரோப்பிய நிலப்பகுதியிலிருந்து வந்த நெடிய, கொழுப்புக் குறைந்த இனங்களின் பக்கம் திரும்பினார்கள். 1969இல் சிகாகோ பன்னாட்டுக் கால்நடைக் காட்சியில் முதல் பரிசு வாங்கியது ஒரு சரோலே-ஆங்கஸ் கலப்பின எருது. நல்ல கண்கள்தான் அத்தனை ஆண்டும் பார்த்தன. கண்ணுக்குத் தெரிந்தது வெளி வடிவம் மட்டும்.

தோலுக்கு அடியில் நேராகப் பார்க்க வழி செய்தது ஒலி. 1950களின் நடுவில் கொலராடோவில் மாட்டுக் கொழுப்பின் தடிமனை மிகையொலியால் அளந்து பார்த்தார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஸ்டௌஃபர் அதைச் சதைப்பரப்பு வரை கொண்டுபோனார். 1980களில் நகரும் படத்தைத் திரையில் உடனே காட்டும் ஸ்கேன் கருவி மலிந்த பிறகுதான் இது பண்ணைக்கு வந்தது.

வேலை நடப்பதை அருகில் நின்று பார்ப்போம். நம்மூர் கால்நடை மருந்தகத்து டிராவிஸ் போன்ற கூண்டு, ஆனால் பக்கவாட்டுத் தகடுகள் மாட்டை இறுக்கிப் பிடிக்கும். மாடு உள்ளே வந்ததும் 12ஆவது, 13ஆவது விலாக்களை விரலால் தேடுவார்கள். அந்த இடத்து மயிரை ஒட்டக் கத்தரிப்பார்கள். மயிரில் காற்று தங்கினால் ஒலி உள்ளே போகாது. தூசியைத் தட்டிவிட்டு, சமையல் எண்ணெயைத் தாராளமாக ஊற்றித் தேய்ப்பார்கள். நமக்கு வயிற்றில் தடவும் ஜெல்லுக்குப் பதில் இங்கே எண்ணெய். ஒலியை அனுப்பித் திரும்ப வாங்கும் புரோப் 17 செ.மீ. நீளமான நேர்க்கட்டை, மாட்டின் விலாவோ வளைவு. இரண்டும் ஒட்டுவதற்காக நடுவில் வளைவாக வார்த்த மெத்தென்ற திண்டு ஒன்றை வைப்பார்கள். புரோப்பை இரண்டு விலா எலும்புகளுக்கு நடுவிலுள்ள சந்தில் வைக்க வேண்டும். கொஞ்சம் நகர்ந்து எலும்பின் மேல் ஏறினால் எலும்பு ஒலியை அப்படியே திருப்பிவிடும், திரையில் கறுப்பு நிழல்தான் விழும். சரியாக வைத்தால் மேலே தோலின் வெள்ளைக் கோடு, அடுத்து கொழுப்பு அடுக்கு, அதற்குக் கீழே அவரை விதை வடிவத்தில் முதுகுச்சதை, அடியில் விலா இடைத் தசை என்று வரிசையாகத் தெரியும். மாடு மூச்சை இழுத்து விடும் இடைவெளியில் படத்தை நிறுத்திச் சேமிப்பார்கள். பழகிய கைக்கு ஒரு மாட்டுக்குச் சில நிமிடம் போதும்.

இங்கே ஒரு நுணுக்கம். கருவி உண்மையில் அளப்பது நேரத்தை. ஒலி போய் எல்லையில் மோதித் திரும்ப எவ்வளவு நேரம் என்று பார்த்து, உடலில் ஒலியின் வேகம் நொடிக்கு 1,540 மீட்டர் என்று வைத்துத் தூரத்தைக் கணக்கிடுகிறது. அது மெல்லிய திசுக்களின் சராசரி வேகம். கொழுப்பில் ஒலி சற்று மெதுவாக, சுமார் 1,450 மீட்டர் வேகத்தில் போகிறது. அதனால் 10 மி.மீ. கொழுப்பு, திருத்தம் செய்யாவிட்டால், திரையில் 10.6 மி.மீ. என்று தெரியும். சின்ன வித்தியாசம்தான், ஆனால் எல்லா மாட்டிலும் ஒரே பக்கமாகச் சாயும். இதைவிடப் பெரிய தொல்லை கை அழுத்தம். கொழுப்பு மெத்தை மாதிரி, புரோப்பை அழுத்தினால் நசுங்கி மெலிந்து தெரியும்.

கொழுப்புத் தடிமனைவிடச் சதைப்பரப்பில் தவறு அதிகம் வரும். ஒலிக்கு எதிரே குறுக்காக நிற்கும் எல்லை நன்றாக எதிரொலிக்கும். ஒலி போகும் திசையிலேயே சரிந்து ஓடும் பக்க எல்லைகள் மங்கலாகத்தான் தெரியும். முதுகுச்சதையின் மேல் விளிம்பும் அடி விளிம்பும் பளிச்சென்று இருக்க, இரண்டு ஓரங்களையும் அனுபவத்தால் வரைந்து முடிக்க வேண்டியிருக்கிறது. மாடு முதுகை நெளித்தால் சதை சுருங்கி வடிவமே மாறிவிடும். ஒரு சதுர அங்குலம் தவறினால் மேலே சொன்ன கணக்கில் 0.32 ஆடிவிடும், தரத்தில் மூன்றில் ஒரு பங்கு! இதனால்தான் அமெரிக்க இனச் சங்கங்களுக்காக ஸ்கேன் எடுப்பவர்கள் முதலில் தேர்வெழுதுகிறார்கள். அவர்கள் எடுத்த அளவுகளை ஒப்பிட்டுச் சரிபார்த்துத் தகுதிச் சான்று தருவார்கள். படத்தையும் எடுத்தவரே படிப்பதில்லை. அது தனி ஆய்வகத்துக்குப் போகும். அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் நகரில் அப்படி ஒன்று இருக்கிறது. மாட்டின் சொந்தக்காரர் முகம் தெரியாத ஒருவர் கோடு வரைவது நல்ல ஏற்பாடு.

கறிக்குள் இழையோடும் கொழுப்பு, மார்பிளிங் என்கிறார்களே, அதற்கு வேறு வழி. அந்த இழைகள் தனித்தனியாகத் தெரியும் அளவுக்குப் பெரியவை அல்ல. ஆனால் அவை ஒலியைச் சிதறடிக்கும், படத்தில் புள்ளிப் புள்ளியாக ஒரு பின்னல் விழும். அந்தப் பின்னலின் தன்மையைக் கணினியில் எண்ணாக்கி, அறுத்த சதையில் வேதியியல் முறையில் எடுத்த கொழுப்பு சதவீதத்தோடு பொருத்தி, ஒரு சமன்பாடு போட்டார்கள். இதற்கான படத்தை விலாச் சந்தின் வழியே இல்லாமல், விலாக்களைத் தாண்டி முதுகின் நீளவாக்கில் எடுப்பார்கள்.

ஸ்கேனும் அறுத்த உடலும் ஒத்துவராதபோது தவறு ஸ்கேனில்தான் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அது நியாயமில்லை. தோலை இயந்திரம் இழுத்து உரிக்கும்போது கொழுப்பும் பிய்ந்து தோலோடு போகும். பின்னங்காலில் தொங்கவிட்ட உடலில் முதுகுச்சதை இழுபட்டு, நின்ற மாட்டில் இருந்த வடிவத்தை இழந்திருக்கும். ஆஸ்திரேலியர்கள் விலாவை விட்டுப் பிட்டத்தின் மேல் 'பி8' என்று ஓரிடத்தைக் குறித்து அங்கே கொழுப்பை அளப்பதற்கு இதுவே காரணம். அந்த இடத்தில் கொழுப்பு அவ்வளவாகப் பிய்வதில்லை. உயிருள்ள மாட்டிலும் அந்த இடம் எளிதில் பிடிபடும்.

இதுவரை சொன்னதெல்லாம் ஒரே ஓர் இடத்துக் கொழுப்பு. மாட்டில் கொழுப்பு நாலு இடத்தில் சேர்கிறது: தோலுக்கு அடியில், சதைகளுக்கு நடுவில், சதைக்கு உள்ளே, வயிற்றுக் குழியில். ஸ்கேன் பார்ப்பது முதலாவதையும் மூன்றாவதையும்தான். சதைகளுக்கு நடுவே ஒளிந்திருப்பதை யாரும் பார்ப்பதில்லை, 'தோலடியில் இவ்வளவு என்றால் அங்கே இவ்வளவு இருக்கும்' என்று ஊகிக்கிறோம். அந்த ஊகம் எங்கிருந்து வருகிறது? முன்பு அறுத்துப் பகுத்த மாடுகளிலிருந்து. அமெரிக்க வேளாண் துறையின் ஹாங்கின்சும் ஹோவும் 1946இல் 9, 10, 11ஆவது விலாத் துண்டை மட்டும் பிரித்து, மொத்த உடலைச் சொல்லும் சமன்பாடுகளைக் கொடுத்தார்கள். எருதுக்கு: விலாத் துண்டின் கொழுப்பு சதவீதத்தை 0.80ஆல் பெருக்கி 3.54 கூட்டு. துண்டில் 30 என்றால் உடலில் 27.5. எளிமையான, இன்றும் பயன்படுகிற கணக்கு. ஆனால் அது அந்தக் காலத்து மாடுகள் எழுதிக் கொடுத்த கணக்கு.

மாடு மாறினால் கணக்கு சறுக்கும். ஹெர்ஃபோர்டும் ஆங்கஸும் தோலடியில் அதிகம் சேர்க்கும். பாலுக்காக வளர்த்த ஃபிரீசியன் வயிற்றுக்குள் அதிகம் சேர்க்கும். இரண்டின் முதுகிலும் 8 மி.மீ. என்று ஸ்கேன் சொன்னாலும் மொத்தக் கொழுப்பு ஒன்றல்ல. சதையின் பங்கீட்டில் இந்தச் சிக்கல் குறைவு. ஆஸ்திரேலியாவின் ரெக்ஸ் பட்டர்ஃபீல்டு மாடுகளைத் தசை தசையாகப் பிரித்து எடைபோட்டுப் பார்த்து, எந்த இனமானாலும் மொத்தச் சதையில் தொடைக்கு எவ்வளவு, முதுகுக்கு எவ்வளவு என்ற பங்கு வியக்கத்தக்க அளவுக்கு ஒன்றாகவே இருக்கிறது என்று காட்டினார். பெல்ஜியன் புளூ போன்ற இரட்டைச் சதை மாடுகள் வேறு வகை. அவற்றில் சதையின் வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மயோஸ்டாட்டின் மரபணுவே பழுதானது, சாதாரண மாட்டில் செய்த சமன்பாடு அங்கே செல்லாது.

நம்முடைய திமில் மாடுகளுக்கும் இதில் இடம் உண்டு. பிரேசிலின் இறைச்சி மாடுகளில் பெரும்பகுதி நெலோரே இனம். நெல்லூர், ஓங்கோல் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போன மாடுகளின் வாரிசுகள் அவை, பெயரே நெல்லூர்தான். புல் மேய்ந்து வளரும் அந்த மாடுகளுக்குத் தோலடிக் கொழுப்பு மெல்லியது. அங்கே கேள்வியே தலைகீழ்: கொழுப்பு அதிகமா என்று இல்லை, 3 மி.மீ.யாவது இருக்கிறதா என்று. அந்த மெல்லிய போர்வை இல்லாவிட்டால் குளிர் அறையில் சதை சட்டென்று விறைத்துக் கறி கடினமாகிவிடும். 3 மி.மீ.யில் 1 மி.மீ. தவறு என்பது மூன்றில் ஒரு பங்கு. அயோவா மாட்டுக்குப் போதுமான துல்லியம் அங்கே போதாது.

தீவனத் தொழுவத்துக்கு இன்றைய கொழுப்பைவிட முக்கியம், இன்னும் எழுபது நாளில் என்ன ஆகும் என்பது. கான்சஸின் ஹேஸ் நகரத்து ஆராய்ச்சிப் பண்ணையில் ஜான் பிரெத்தவர் அதே மாடுகளை மீண்டும் மீண்டும் ஸ்கேன் செய்து, முதுகுக் கொழுப்பு கூட்டு வட்டி போல வளர்கிறது என்று கண்டார். இருப்பது எவ்வளவோ அதற்கேற்ப ஏறும். நாளுக்கு 1 சதவீதம் என்று வைத்தால் எழுபது நாளில் இரட்டிப்பு. 4 மி.மீ. உள்ள மாடு 8க்குப் போகும், 7 உள்ளது 14க்குப் போகும். இன்று கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும் இரண்டு மாடுகள் அன்று வெவ்வேறு தரத்தில் நிற்கும். இப்போதே பிரித்து வெவ்வேறு தேதியில் அனுப்பினால் இரண்டும் சரியான கொழுப்பில் போகும். ஆனால் இன்று 1 மி.மீ. தவறாக அளந்தால் அன்றைக்கு அந்தத் தவறும் 2 மி.மீ. ஆகியிருக்கும்.

இத்தனை பாடும் எதற்கு என்று கேட்டால் என் பதில் தீவனச் செலவு அல்ல, பொலிகாளை. ஒரு காளையின் வம்சத்தில் கறி எப்படி என்று அறிய முன்பு அதன் பிள்ளைகளை அறுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. காளைக்கு 15 மாதம் ஆக வேண்டும், பசுவுக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் சினை, பிள்ளை வளர்ந்து அறுப்புக்குப் போக இன்னும் 15, 16 மாதம். குறைந்தது மூன்றேகால் ஆண்டு. காளையையே அறுத்துப் பார்த்தால் விடை உடனே கிடைக்கும், ஆனால் காளை இருக்காது. ஸ்கேன் வந்த பிறகு ஒரு வயதுக் காளைக்கன்றையே அளந்துவிடலாம், அதன் தங்கைக் கிடாரிகளையும் அளக்கலாம். அந்த வயதுக் காளைக்குக் கொழுப்பு மிகக் குறைவாக இருப்பதால் ஒரு மாட்டின் ஓர் எண்ணை நம்பாமல், உறவுக் கூட்டத்தின் எண்களையெல்லாம் சேர்த்தே மதிப்புப் போடுகிறார்கள்.

உள்ளே முழுவதையும் துண்டு துண்டாகக் காட்டும் சி.டி. ஸ்கேன் இருக்கிறது. நார்வேயில் 1980களின் தொடக்கத்திலேயே உயிருள்ள பன்றிகளை அதில் படுக்கவைத்தார்கள், பல நாடுகளில் செம்மறிக் கிடாக்களைத் தேர்ந்தெடுக்க இன்றும் உதவுகிறது. சதைகளுக்கு நடுவிலுள்ள கொழுப்பும் அதில் தெரியும். 600 கிலோ மாடு அந்த வளையத்துக்குள் நுழையாது, அதோடு விஷயம் முடிந்தது.

இப்போது ஆஸ்திரேலியாவில் முயன்றுவருவது ஆழத்தையும் பதியும் கேமரா. மாடு ஓடுபாதையில் நடந்துபோகும்போது பிட்டத்தின் வளைவைப் படம்பிடித்து, அந்த வளைவிலிருந்து 'பி8' கொழுப்பையும் சதைத் திரட்சியையும் கணினி சொல்கிறது. தொட வேண்டாம், மயிர் கத்தரிக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம். பழைய தரகர் கண்ணால் பார்த்ததைத்தான் இதுவும் பார்க்கிறது, ஆனால் ஒவ்வொரு மாட்டையும் அதே அளவுகோலால் பார்க்கிறது. இந்த வளைவுக்கு இத்தனை மி.மீ. என்று அதற்குக் கற்றுக்கொடுத்தது ஸ்கேன். ஸ்கேனுக்குக் கற்றுக்கொடுத்தது கத்தி. அதனால் அந்தக் கேமராவை வாங்க நினைப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அது எந்த இன மாடுகளைப் பார்த்துப் பழகியது, அந்த மாடுகளில் எத்தனை அப்புறம் அறுக்கப்பட்டு அளக்கப்பட்டன என்பதைத்தான்.